மனச்சோர்வு பத்தி வெளியில சொன்னப்போ என்ன நடந்துச்சு? உங்க அனுபவம் சொல்லுங்க

மெட்டுக்காத்து (கம்பம்):
கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு எங்களை ஏத்திட்டுப் போற ஜீப் பத்தி இங்க உள்ளவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. விடியறதுக்கு முன்னாடி ஏறுனா மலை மெட்டு தாண்டுற வரைக்கும் ஒருத்தர் மடியில இன்னொருத்தர். எனக்கு ரெண்டாவது பிள்ளை பெத்த பிறகு வந்தது. பிள்ளையைத் தூக்கப் பிடிக்காது, சோறு இறங்காது. மந்திரிச்சு, கயிறு கட்டி, கடைசியில தேனியில டாக்டரைப் பார்த்து மாத்திரை போட்டுத் தெளிஞ்சேன். அன்னிக்கு ஜீப்புல யாரோ ஒருத்தியைப் பத்தி, "திமிரெடுத்துப் படுத்துக் கெடக்கா"ன்னு பேச்சு வந்துச்சு. பொறுக்கல. என் கதையை மொத்தமாச் சொல்லிப்புட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒரு வளைவுல வண்டி சாஞ்சப்போ பின்மூலையில இருந்து ஒரு குரல்: "அந்த மாத்திரை என்ன வெலை இருக்கும்?" இருட்டுல மொகம் தெரியல. செக்போஸ்ட் வெளிச்சத்துல திரும்பிப் பாக்குறேன், அம்புட்டுப் பேரும் முக்காட்டை இழுத்துவிட்டுத் தூங்குற மாதிரி இருக்காங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சும்மாவே குடுப்பாங்கன்னு பொதுவாச் சொல்லி வச்சேன். யாருன்னு இன்னமும் தெரியல.

கோட்டைவாசல் (செங்கோட்டை):
அக்கா, சொன்னது சரிதான், ஆனா ஜீப்புல வச்சா சொல்லணும்? நான் எங்க ஊர் லைப்ரரி கூட்டத்துல பேசினேன். நல்ல கைதட்டு. அப்புறம் தென்காசிக்குப் பொண்ணு பார்க்கப் போனா, பொண்ணோட மாமா எங்க அப்பாட்ட கேக்காரு, "பையன் இப்பவும் மாத்திரை திங்கானா?" அப்பா காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ஆளைப் பார்த்துச் சொல்லணும், அவ்ளதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தம்பி சொல்றதை ஒத்துக்க மாட்டேனுங்க. ஆளைப் பார்த்துச் சொல்லியிருந்தா அந்தப் பின்மூலை அம்மா எப்படிக் கேட்டிருக்கும்? என் கதை சின்னது. வேலை போச்சு, படுத்துட்டேன், கூட்டாளி ஒருத்தன் அவன் பட்டதைச் சொன்னான், டாக்டர்கிட்டப் போனேன். ஆனா சொல்றதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. முதல்ல நோட்டுல எழுதுங்க. பென்னிபேக்கர்னு அமெரிக்க உளவியல்காரர் 1980கள்ல மாணவர்களை வச்சுப் பார்த்தார்: தினம் 15 நிமிஷம், நாலு நாள், மனசை அறுக்கிறதை எழுதணும். எழுதினவுடனே இன்னும் கனமாத்தான் இருந்துச்சு, ஆனா அடுத்த மாசங்கள்ல அவங்க ஆஸ்பத்திரிக்குப் போறது குறைஞ்சுது. ரொம்ப மோசமா இருக்கிற நேரத்துல தனியா உக்காந்து இதைச் செய்யாதீங்க. அப்புறம், சாகத் தோணுச்சுன்னு சொல்லலாம், எப்படின்னு விவரிக்கக் கூடாது. ஆஸ்திரியாவுல பத்திரிகைச் செய்திகளை அலசி 2010ல வெளியிட்டாங்க. அந்த எண்ணத்துல இருந்து மீண்டவங்க கதை வந்தப்போ தற்கொலை குறைஞ்சிருந்துச்சு, ஒரே சாவைத் திரும்பத் திரும்ப எழுதினப்போ கூடியிருந்துச்சு. மாத்திரை வேலை செய்யவே ரெண்டு மூணு வாரம் ஆகும், நல்லாயிட்டோம்னு நீங்களா நிறுத்தாதீங்க. பேச ஆள் இல்லைன்னா 14416க்குப் போன் பண்ணுங்க, டெலி மனாஸ்னு கவர்மெண்ட்டோட மனநல உதவி நம்பர், 2022ல ஆரம்பிச்சது, காசில்ல, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ் மலையாளம் ரெண்டும் உண்டு. காலையில நடங்க, காபியைக் குறைங்க, படுக்கும்போது போனைத் தள்ளி வைங்க.

தேக்கடி ரோடு (குமுளி):
அண்ணே, காபியைப் பத்தி யாரு கேட்டா? நம்பர மட்டும் குறிச்சுக்கிட்டேன். எனக்கு உறுத்துறது வேற. என் கதையைக் கேட்டுத்தான் உசுரோட இருக்கேன்னு ஒரு காலேஜ் பொண்ணு ராத்திரி ராத்திரி போன் பண்ணுச்சு. "நீங்க பேசுனாத்தான்க்கா தூக்கம் வரும்." ஒரு நாள் எனக்கே தலை தூக்க முடியல. போன் அதிருது, அவ பேரு மின்னுது. கவுத்துப் போட்டு மேல தலகாணியை வச்சுட்டேன். அப்பவும் உறுமுது. விடிஞ்சு கடையைத் தொறக்கும்போது ஷட்டர் முன்னாடி நிக்கிறா, கோபமே இல்ல, "அக்கா, நல்லாத்தான இருக்கீங்க?" கையோட டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். இனி ராத்திரி போன் வேணாம், கடைக்கு வா, பேசலாம்னு சொல்லியிருக்கேன். வர்றா. ஆனா எனக்குத் திரும்ப வந்துருக்குன்னு அவகிட்ட இன்னும் சொல்லல. "ஜெயிச்ச அக்கா"ன்னு அவ கூட்டாளிகள்கிட்ட வேற சொல்லி வச்சிருக்கா. இதை எப்படிச் சொல்றது? கொழிஞ்சாம்பாறை அண்ணே, யோசனை இருந்தா சொல்லுங்க. சுருக்கமா.