ஒரே டேட்டா, ஆர் சாஃப்ட்வேர்லயே ரெண்டு க்யூ3 (மூணாவது குவார்ட்டைல்) வருது, எதை எடுக்கறது?

ஸ்டாட்ஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க. தங்கச்சி பி.எட் ப்ராஜெக்ட்டுக்கு மார்க் டேட்டாவ ஆர்-ல போட்டு குடுத்துட்டு இருக்கேன், செக் பண்றதுக்காக 2, 4, 4, 4, 5, 5, 7, 9-னு சின்னதா போட்டு பாத்தேன். சராசரி 5, மீடியன் 4.5, இதுல எங்கயும் சண்டை இல்ல. எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) மட்டும் ஆர்-ல 2.138, பைத்தானோட நம்பை லைப்ரரில 2, ஆர் 7-ஆல வகுக்குது நம்பை 8-ஆல வகுக்குது, சரி அது ஓகே.

குவார்ட்டைல்தான், அதாவது டேட்டாவ வரிசையா அடுக்கி நாலு சம பங்கா பிரிக்கற புள்ளிதான், மண்டைய காய வைக்குது. ஆர்-ல சம்மரி போட்டா க்யூ3 5.5, அதே டேட்டாவுக்கு பாக்ஸ்ப்ளாட் போட்டா பெட்டியோட மேல் கோடு 6-ல நிக்குது, எக்ஸெல்ல குவார்ட்டைல் டாட் இஎக்ஸ்சி போட்டா 6.5! ஆர்-ஓட குவான்டைல் ஃபங்ஷன்ல கணக்கு போடற வழி டைப் 1-லேருந்து 9 வரைக்கும் இருக்கு, நாம ஒண்ணும் சொல்லலன்னா 7-அ எடுத்துக்குது, 6 குடுத்தா எக்ஸெல் விடை வருது, 2 குடுத்தா இந்த டேட்டாவுக்கு பாக்ஸ்ப்ளாட் விடை. ஒன்பது வழி எதுக்குய்யா வச்சாங்க!

டேபிள்ல ஒண்ணு படத்துல ஒண்ணுன்னு இருந்தா வைவால கண்டிப்பா கேப்பாங்க. நீங்கல்லாம் எந்த டைப் போடுவீங்க, அத ரிப்போர்ட்ல எழுதணுமா? பாக்ஸ்ப்ளாட்டையும் டைப் 7-லயே வரைய வைக்க வழி இருந்தா கோடோட சொல்லுங்க ப்ளீஸ்.