பிங் போகுது, வேலை மட்டும் நடக்கல: பிரிட்ஜ், வீலான், டனல் அனுபவங்கள்

நூல்_நகரம்:

டனல் (ரெண்டு இடத்து நெட்வொர்க்கை இன்டர்நெட்டுக்குள்ள குழாய் மாதிரி இணைக்கிறது) போட்டுப் பழகினவங்க எல்லார்கிட்டயும், பிங் (பதில் வருதான்னு பார்க்கிற சோதனை பாக்கெட்) போயும் வேலை நடக்காத கதை ஒண்ணு இருக்கும். என்னோடதைச் சொல்றேன், உங்களோடதையும் எழுதுங்க.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. ஃபேக்டரி ஒரு பக்கம், சர்வர் இருக்கிற ஆபீஸ் இன்னொரு பக்கம். நடுவுல ஜிஆர்இ வகை டனல், ஐபிசெக் குறியாக்கத்தோட. ரெண்டு பக்கமும் பிபிபிஓஇ (லாகின் போட்டு இணையற பிராட்பேண்ட்) லைன். டனல் அப். பிங் ஒண்ணுகூட விழல. பில்லிங் சாஃப்ட்வேர் லாகின் பக்கம் டக்குனு திறக்குது. ஆனா "சிஸ்டம் ஸ்லோ"ங்கிற புகார் மட்டும் நிக்கவே இல்ல. லைன் கொடுத்தவங்க ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டிட்டுப் போயிட்டாங்க. சாஃப்ட்வேர்க்காரங்க நெட்வொர்க்கைக் கை காட்டினாங்க, நெட்வொர்க் பார்த்தவர் சாஃப்ட்வேரைக் கை காட்டினார்.

நான் போனப்ப அக்கவுண்ட்ஸ்ல இருந்த அக்கா சொன்னாங்க: "தம்பி, சின்ன பில்லு வந்துருதுங்க. அயிட்டம் ஜாஸ்தி இருக்கிற பில்லுதான் சுத்திட்டே நிக்குது." முன்னாடி வந்த எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்காங்க. ஒருத்தரும் காதுல போட்டுக்கல.

டிஎஃப் பிட் ("பாக்கெட்டை உடைக்காதே"ங்கிற குறி) போட்டு 1400 பைட்ல பிங் அடிச்சேன். பதில் இல்ல. 1300 போட்டேன், வருது. விண்டோஸ்ல சும்மா பிங் அடிச்சா போறது 32 பைட்தான், அது எந்தச் சந்துலயும் நுழைஞ்சு போயிடும். ஒரு பாக்கெட்டுக்கு வழக்கமான எல்லை 1500 பைட். அதுல பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கிட்டு 1492ல விடுது. ஜிஆர்இ 24 எடுக்குது. ஐபிசெக் எவ்வளவு எடுக்கும்ங்கிறது சைஃபரைப் பொறுத்தது. சர்வர் 1500க்குக் கட்டின பாக்கெட் உள்ள போகாது. ரவுட்டர் அதைக் கீழ போட்டுட்டு "பெருசா இருக்கு, குறைச்சு அனுப்பு"ன்னு ஐசிஎம்பி (பிங்கும் நெட்வொர்க் பிழைச்சேதியும் போற முறை) டைப் 3 கோடு 4ல சர்வருக்குச் சேதி அனுப்பும். ஆபீஸ் ஃபயர்வால்ல எக்கோவை (பிங்கை) மட்டும் விட்டுட்டு மத்த ஐசிஎம்பி மொத்தத்தையும் யாரோ அடைச்சு வெச்சிருந்தாங்க. சேதி சர்வருக்குப் போய்ச் சேரவே இல்ல. அது அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிட்டு உட்கார்ந்திருக்கு.

டனல்ல ஐபி எம்டியூ (பாக்கெட்டோட உச்ச அளவு) 1400, டிசிபி எம்எஸ்எஸ் (அதுக்குள்ள டேட்டாவோட உச்ச அளவு) 1360 போட்டேன். பெரிய பில் வந்துச்சு. அந்தக்கா பிரிண்டைக் கையில வாங்கிட்டு "இதைத்தானுங்க தம்பி இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன்"னாங்க.


போர்ட்5060:

எம்எஸ்எஸ் குறைச்சதோட கிளம்பிட்டீங்களா? அது டிசிபிக்கு மட்டும்தான். யூடிபியை (ஐபி போன் மாதிரி சாதனங்கள் பயன்படுத்தற இன்னொரு முறை) யார் காப்பாத்துவாங்க?

கிளை ஆபீஸ், ஐபிசெக் டனல், ஐபி போன். எல்லா போனும் ரெஜிஸ்டர் ஆகுது. வெளியிலிருந்து வர்ற கால் அடிக்குது. இங்கிருந்து கால் போட்டா ஒரு மாடல்ல மட்டும் எதுவுமே நடக்காது, பிஸி டோன்கூட வராது. ரெஜிஸ்டர் மெசேஜ் சின்னது. அந்த மாடல் அனுப்புற இன்வைட்ல (காலைத் தொடங்கற சேதி) தனக்குத் தெரிஞ்ச கோடெக் (ஒலி, படத்தைச் சுருக்கற முறை) அத்தனையும் இருக்கும், வீடியோவும் சேர்த்து. அது ரெண்டு துண்டா உடையும். ரெண்டாவது துண்டுல யூடிபி போர்ட் நம்பர் கிடையாது. ஃபயர்வாலுக்கு அது யார்னே தெரியாது, தூக்கிப் போட்டுடும். போனைக் கையில வெச்சுக்கிட்டு மெனுல ஒவ்வொரு கோடெக்கா எடுத்தேன். வீடியோ ரெண்டையும் எடுத்ததும் எதிர்முனையில மணி அடிச்சுது.

1300 பைட்டைத் தாண்டினா, பாதையோட எம்டியூ தெரியாதப்போ, டிசிபிக்கு மாறியே ஆகணும்னு ஐபி போன் சிக்னலுக்கான ஸ்டாண்டர்ட், ஆர்எஃப்சி 3261லயே இருக்கு. அந்த போன் அதைச் செய்யல. உங்க கேஸ்ல முதல்ல அந்த ஐசிஎம்பி ரூலை எடுங்க. எம்எஸ்எஸ் கட்டுதான், மருந்து இல்ல.


நூல்_நகரம்:

ஃபயர்வால் என் கையில இல்லீங்க. டைப் 3ஐத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். ஆடிட்ல கேள்வி வரும்னு தயங்கறாங்க. நாளைக்கு ஐபிவி6 போட்டா நடுவுல எந்த ரவுட்டரும் பாக்கெட்டை உடைச்சுக் கொடுக்காது. அங்க "பாக்கெட் டூ பிக்" சேதியை அடைச்சா என்ன ஆகும்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறதுன்னு தெரியல.


நைட்ஷிஃப்ட்_மதுரை:

ட்ரங்க்ல (பல வீலானைச் சுமக்கிற லிங்க்; வீலான்னா ஒரே ஸ்விட்ச்ல பிரிச்ச தனி நெட்வொர்க்) "ஆட்" விட்டுப்போன கதை இல்லாத டீமே கிடையாது. எங்க டீமோட கதை ஒரு ஆஸ்பத்திரியில.

கேமராவுக்குப் புதுசா வீலான் 30. புதுசா சேர்ந்த தம்பி பக்கத்துல உட்கார்ந்து அடிச்சுக்கிட்டிருந்தான். "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் ஆட் 30"ன்னு போகணும். "ஆட்" இல்லாம போச்சு. அந்த ட்ரங்க்ல இனிமே 30 மட்டும்தான், மத்ததெல்லாம் அவுட். மேனேஜ்மெண்ட் வீலானும் அதுலதான் போச்சு, வார்டு போனும் அதுலதான். என்டர் தட்டினதும் கர்சர் அப்படியே நின்னுடுச்சு. தம்பி எதுவும் பேசல, என் முகத்தைத்தான் பார்த்தான்.

எங்க சீனியர் ஒருத்தர், எந்த ரிமோட் ஸ்விட்சைத் தொட்டாலும் முதல் வரி "ரீலோட் இன் 10" ஆத்தான் இருக்கணும், சேவ் பண்றது கடைசி வரினு கறாரா சொல்லி வெச்சிருந்தார். அன்னைக்கும் போட்டிருந்தோம். அந்தப் பத்து நிமிஷம் இருக்கே. பிங் விண்டோல "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" ஓடிக்கிட்டே இருக்கு. வார்டு சிஸ்டர் அவங்க சொந்த செல்லுலேர்ந்து கூப்பிட்டு "தம்பி, டாக்டரைக் கூப்பிட முடியல, எப்ப வரும்?"ங்கிறாங்க. டாக்டர் நம்பரை வாங்கி நானே செல்லுல போட்டுக் கொடுத்தேன். ஸ்விட்ச் தானா ரீபூட் ஆகி, பழைய கான்ஃபிக்கோட எழுந்து, முதல் "ரிப்ளை" வந்தப்பதான் தம்பிக்கு மூச்சே வந்துச்சு.

அந்த சிஸ்டரோட குரல்தான் இன்னும் காதுல இருக்கு.


ஈதர்1:

ரீலோட் வரைக்கும் போகணும்னு அவசியமே இல்லையே. மைக்ரோடிக் ரவுட்டர்ல சேஃப் மோட் இருக்கு, கண்ட்ரோல் எக்ஸ். கனெக்‌ஷன் அறுந்தா செஞ்ச மாத்தமெல்லாம் தானா திரும்பிடும், பெட்டி ரீபூட்டே ஆகாது.

என் அனுபவம் சின்னது. ஒரு காலேஜ் ஹாஸ்டல், முன்னாடி பார்த்தவர் பிரிட்ஜ்ல வீலான் ஃபில்டரிங்கை ஆன் பண்ணின நொடியில ரவுட்டர் காணாமப் போயிடுச்சு. நான் லேப்டாப்பை நேரா குத்தி வின்பாக்ஸ்ல (மைக்ரோடிக்கோட செட்டிங் ஆப்) மேக் அட்ரஸ் வழியா நுழையப் பார்த்தேன், அதுவும் முடியல. ரீசெட் பட்டனைத் தவிர வழி இல்ல. ஹாஸ்டல் மொத்தமும் வராண்டாவுல நின்னு எங்களையே பார்த்துக்கிட்டிருந்துச்சு.

இது ஏன் ஆகுதுன்னு யாரும் சரியா சொல்லித் தர்றதில்ல, அதனால விவரமா எழுதறேன். மைக்ரோடிக்கோட ரவுட்டர்ஓஎஸ் 6.41லேர்ந்து பிரிட்ஜ்தான் எல்லாத்துக்கும் மையம், பழைய மாஸ்டர் போர்ட் முறை போயிடுச்சு. பிரிட்ஜுக்கு ரெண்டு முகம் உண்டு. ஒண்ணு, போர்ட்டுகளைச் சேர்க்கிற ஸ்விட்ச். இன்னொண்ணு, ரவுட்டரோட சிபியு அந்த ஸ்விட்சுக்குள்ள நுழையற போர்ட். ரெண்டுக்கும் ஒரே பேர். அதனாலதான் குழப்பம். மேனேஜ்மெண்ட் வீலான் 99ன்னா, பிரிட்ஜ் வீலான் டேபிள்ல 99க்கு ட்ரங்க் போர்ட்டை மட்டும் டேக்டுனு (வீலான் நம்பர் ஒட்டின ஃப்ரேம்) போட்டாப் பத்தாது, பிரிட்ஜையும் டேக்டுல சேர்க்கணும். சேர்க்கலைன்னா 99ல வர்ற ஃப்ரேம் போர்ட்டுக்குப் போர்ட் அழகா போகும், சிபியுக்கு மட்டும் வராது. ஹாஸ்டல்ல நடந்தது அதுதான். ஐபி அட்ரஸைப் பிரிட்ஜுக்கு மேல செஞ்ச வீலான் இன்டர்ஃபேஸ்ல வைக்கணும். பிரிட்ஜுக்குள்ள இருக்கிற ஈதர் போர்ட் மேல வீலான் செஞ்சு அதுல ஐபி வைக்கவே கூடாது. அக்சஸ் போர்ட்டுக்கு (ஒரே வீலான்ல இருக்கிற சாதனம் குத்தற போர்ட்) பிவிஐடி (அந்த வீலான் நம்பர்) போடுங்க, டேக் இல்லாத ஃப்ரேமை மட்டும் ஏத்துக்கிற மாதிரி வையுங்க. வீலான் ஃபில்டரிங்கை ஆன் பண்றது எல்லாத்துக்கும் கடைசி. அதுக்கு முன்னாடி ஒரு போர்ட்டைப் பிரிட்ஜுக்கு வெளிய எடுத்து, தனி ஐபி கொடுத்து, மேல "தொடாதே"ன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க. இன்னொண்ணு, மைக்ரோடிக்கோட சிஆர்எஸ்1, சிஆர்எஸ்2 வரிசைப் பெட்டிகள்ல இந்த ஃபில்டரிங்கை ஆன் பண்ணா ஹார்டுவேர் ஆஃப்லோடு (ஸ்விட்ச் சிப்பே வேலையைப் பார்க்கறது) போயிடும், டிராஃபிக் மொத்தமும் சிபியு தலையில விழும். அங்க ஸ்விட்ச் மெனுலதான் வீலான் போடணும். சிஆர்எஸ்3ல அந்தத் தொல்லை இல்ல. பழைய வீடியோவைப் பார்த்துப் புதுப் பெட்டியில செய்றவங்களும், புதுசைப் பார்த்துப் பழைய பெட்டியில செய்றவங்களும்தான் மாட்டிக்கறாங்க.


நைட்ஷிஃப்ட்_மதுரை:

நாங்க வெச்சிருந்தது மைக்ரோடிக் இல்லீங்களே. அந்த ஸ்விட்ச்ல இருந்த வசதியைத்தான் எழுதினேன். ஜூனிப்பர்னா "கமிட் கன்ஃபர்ம்ட்" போட்டிருப்போம், பத்து நிமிஷத்துல உறுதி சொல்லலைன்னா அதுவும் திரும்பிடும். சேஃப் மோடும் கனெக்‌ஷன் செத்ததை உணர்ந்தாத்தான் திரும்பும், டிசிபி டைம்அவுட்டே ஒன்பது நிமிஷம். சிஸ்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.


பனங்காடு:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் இங்கத்தைக் கிளைக்கும் நடுவில முன்னம் வேலை செய்தவர் ஈஓஐபி (லானையே அப்படியே கொண்டு போற) டனல் போட்டு, ரெண்டு பக்கமும் பிரிட்ஜில சேர்த்து விட்டிருந்தார். ஒரே லான் மாதிரி இருக்க வேணும் எண்டு முகாமையாளர் கேட்டவராம்.

ஒரு நாள் காலமை வந்து பார்த்தா இஞ்ச பாதிக் கணினியில இணையம் நல்ல வேகம், மிச்சப் பாதி ஊர்ந்து போகுது. பக்கத்து பக்கத்து மேசை. ஒரே ஸ்விட்ச். கேட்வேயைப் பார்த்தன். வேகமா இருந்ததுக்கு எங்கட ரவுட்டர். மெதுவா இருந்ததுக்குக் கொழும்பு ரவுட்டர். கணினி ஐபி முகவரி கேட்டு டிஎச்சிபியில ஒரு கூவல் போடும், யார் முதல்ல பதில் சொல்லுறாரோ அவரிட்டை வாங்கும். பிரிட்ஜ் அந்தக் கூவலைக் கொழும்பு வரைக்கும் கொண்டு போகுது. எங்கட ரவுட்டர் கொஞ்சம் சுணங்கினா அங்கத்தையான் முந்திடுறான். பிறகு இஞ்ச ஒருத்தர் பக்கத்து அறைப் பிரிண்டருக்குக் குடுக்கிறதைத் தவிர மற்ற எல்லாம் கொழும்பு சுத்தித்தான் போகுது.

பிரிட்ஜ் ஃபில்டரில யூடிபி 67, 68ஐ டனலுக்குள்ள போக விடாமத் தடுத்து அண்டைக்குச் சமாளிச்சன். பிறகு டனலைப் பிரிட்ஜில இருந்து கழட்டி, ரெண்டு சப்நெட்டாப் பிரிச்சு ரவுட்டிங் போட்டன். லேயர் 2வை (இப்பிடி ஒரே லானா) ஊர் தாண்டி இழுக்காதேங்கோ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறன்.


செம்புக்கம்பி:

பனங்காடு, "யாருமே இழுக்கக் கூடாது"ங்கிறதை ஒத்துக்க முடியல. பிராட்காஸ்ட்லயே பேசிக்கிற பழைய மெஷின்கள் இன்னும் ஃபேக்டரிகள்ல ஓடுது. அதுக்கு ரவுட்டிங் போட்டா செத்துப் போயிடும். அந்த வீலானை மட்டும் தனியா விஎக்ஸ்லான் டனல்ல கொண்டு போகலாம், 50 பைட் தலைச்சுமைக்கு இடம் விட்டு.

ஆனா லேயர் 2வை இழுத்தா லூப் பயம் இருக்கத்தான் செய்யுது. ஈதர்நெட் ஃப்ரேம்ல டிடிஎல் கிடையாது, ஒரு தடவை சுத்த ஆரம்பிச்சா யாராவது பிடுங்கற வரைக்கும் சுத்தும். எங்க மீட்டிங் ரூம்ல ஐபி போனோட ரெண்டு போர்ட்டையும் சுவத்துல இருந்த ரெண்டு சாக்கெட்லயும் குத்திட்டாங்க, ஒயர் தொங்குதேன்னு. மொத்த மாடிலயும் ஸ்விட்ச் லைட் எல்லாம் ஒரே தாளத்துல மின்னிச்சு. அந்தத் தாளத்தைப் பார்த்தாலே லூப்னு தெரியும். ஸ்பானிங் ட்ரீ (லூப்பைத் தடுக்கிற வசதி) அங்க ஆஃப்ல இருந்துச்சு, "போர்ட் வர லேட் ஆகுது"ன்னு யாரோ எடுத்து விட்டிருக்காங்க. லேட் ஆகறது லிசனிங் 15, லேர்னிங் 15 செகண்ட். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் போர்ட்ஃபாஸ்ட் இருக்கு, கூடவே பிபிடியூ கார்டு (அந்த போர்ட்ல இன்னொரு ஸ்விட்ச் வந்தா அடைச்சிடும்).

ஸ்பானிங் ட்ரீயை ஆன் பண்ணிட்டாலும் போதாது. 2002 நவம்பர்ல பாஸ்டன் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியோட நெட்வொர்க் நாள் கணக்கா விழுந்து, டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியதாச்சு. ஒண்ணோட ஒண்ணா பிரிட்ஜ் பண்ணிக்கிட்டே போய், ஸ்பானிங் ட்ரீ தாங்கற ஏழு ஹாப் எல்லையைத் தாண்டிட்டாங்க. நடந்ததை மறைக்காம வெளிய சொன்னாங்க, அதனாலதான் இன்னைக்கு நமக்குத் தெரியுது.


தேயிலைமேடு:

நீலகிரியில ஒரு டீ ஃபேக்டரி. வயர்கார்டு டனல், ஹெட் ஆபீஸ் கோயம்புத்தூர்ல. மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் இன்டர்நெட் வந்துடும், டனல் மட்டும் சில தடவை வராது. ஹெட் ஆபீஸ் ரவுட்டரை ரீபூட் பண்ணா வந்துடும். அதனால குத்தம் ஹெட் ஆபீஸ் மேலதான்னு எல்லாரும் நம்பிட்டாங்க, அங்க பெட்டியையே மாத்திட்டாங்க. புதுப் பெட்டியிலயும் அதேதான்.

ஜூலை மழையில மேல போயிருந்தேன். கரண்ட் வந்து டனல் வராத நேரம். ஃபேக்டரி ரவுட்டர்ல லாகின் பண்ணி லாக் பார்த்தேன். ஏப்ரல்னு காட்டுது. வெளிய மழை கொட்டுது, இங்க ஏப்ரல்.

அது ஓபன்டபிள்யூஆர்டி ஓடற சின்னப் பெட்டி, கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. எழுந்ததும் ஈடிசி ஃபோல்டர்ல எந்த ஃபைல் கடைசியா மாத்தப்பட்டதோ அந்த நேரத்தை எடுத்துக்கும். கடைசியா கான்ஃபிக்கைத் தொட்டது ஏப்ரல்ல. வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கைத் தொடங்கற பக்கம் அதுல தன் நேரத்தையும் வெச்சு அனுப்பும். எதிர்ப்பக்கம் இதே பியர்கிட்ட (டனலோட மறுமுனை) கடைசியா பார்த்த நேரத்தை விட அது முந்தினதா இருந்தா, பழைய பாக்கெட்டை யாரோ திருப்பி அனுப்பறாங்கன்னு எடுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை பதில் சொல்லாம போட்டுடும். ரீபூட் பண்ணா அந்த ஞாபகம் அழிஞ்சிடும், அதான் ரீபூட்டுல சரியாச்சு. ஃபேக்டரி சிஜிநேட்டுக்குப் (பல வாடிக்கையாளர் ஒரே வெளி ஐபியைப் பகிர்றது) பின்னாடி இருந்ததால ஹெட் ஆபீஸ் பக்கத்துலேர்ந்து தொடங்கவும் வழி இல்ல.

சரி, என்டிபி (நெட்வொர்க் வழியா நேரம் வாங்கற முறை) நேரத்தைச் சரி பண்ணிடுமேன்னு பார்த்தா, என்டிபி சர்வர் ஹெட் ஆபீஸ் ஐபி. டனலுக்குள்ள. டனல் வர நேரம் வேணும், நேரம் வர டனல் வேணும். முன்னாடி யாரோ என்டிபி சோதிக்கறப்ப பேஸ்ட் பண்ணின வரி அது, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. வெளி என்டிபி சர்வரை நேரடி லைன் வழியா சேர்த்தேன். அதுக்கப்புறம் கரண்ட் எத்தனை தடவை போனாலும் டனல் தானா எழுந்துடுது. வித்து அனுப்பிட்ட அந்தப் பழைய ஹெட் ஆபீஸ் ரவுட்டர்ல ஒரு குறையும் இருந்திருக்காது. அதை நினைச்சா எனக்கு ஆறவே இல்ல.


ஈதர்1:

பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 (25 செகண்டுக்கு ஒரு தடவை "உயிரோட இருக்கேன்"னு பாக்கெட் அனுப்பறது) போட்டுப் பாருங்க. சிஜிநேட்டுக்குப் பின்னாடி இருக்கிற பக்கத்துல அது இல்லைன்னா மேப்பிங் காலாவதியாகி டனல் இப்படித்தான் செத்துப் போகும். அலவ்ட் ஐபில ரெண்டு பியருக்கு ஒரே ரேஞ்ச் விழுந்திருக்கான்னும் பாருங்க. எம்டியூ 1420லேர்ந்து குறைங்க, பிபிபிஓஇ லைன்னா 1412.


தேயிலைமேடு:

கீப்அலைவ் முதல் நாள்லேர்ந்தே 25தான். டனல் இப்ப நல்லா ஓடுது. மேல எழுதினதைப் படிங்க.