தேன்பெட்டி வண்டியின் எழும்பும் டாப்புக்கு மேட் பெயின்டா, பளபளப்பா?

பெட்டிக்காரன், மார்த்தாண்டம்:

எனக்குத் தொழில் தேன்பெட்டி. தை பிறந்ததும் பெட்டிகளைக் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விடுவேன். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வரும்போது இலைக்காம்பில் ஊறுகிற தேன்தான் எங்கள் வருஷச் சோறு. பங்குனி வரை ராத்திரி பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் படுக்க வேண்டும். இத்தனை வருஷம் ஓம்னியின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு முழங்காலை மடக்கிப் படுத்தேன். ஐம்பது வயசுக்கு மேல் அது முடியாது. அதனால் இந்த ஆவணியில் டாப்பை வெட்டி, கடற்கரையில் வள்ளம் செய்கிற ஒருவரிடம் சொல்லி, எழும்புகிற மாதிரி ஃபைபர் டாப் போட்டாயிற்று. முன்பக்கம் கீல், பின்பக்கம் இரண்டு கேஸ் ஷாக், சுற்றி தார்ப்பாய்த் துணி. தூக்கினால் உள்ளே நிற்கலாம். மூடினால் நாலு விரற்கடைதான் கூடுதல் உயரம்.

இப்போது அதன் நிறம் பழைய சோற்றுக் கஞ்சி மாதிரி இருக்கிறது. பெயின்ட் அடிக்க வேண்டும். மச்சினன் மேட் கருப்பு, அதாவது மினுங்காத கருப்பு, என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், ஏதோ வீடியோவில் பார்த்தானாம். எனக்கு மேட் கரும்பச்சை மேல் ஆசை, தோட்டத்துக்குள் வண்டி நிற்பது ரோட்டிலிருந்து தெரியாது. லேத் பட்டறைக்காரர் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் அடிக்கிற சொரசொரப்பு பெயின்டை அடிக்கச் சொல்கிறார், கீறல் விழாதாம். வீட்டில் வண்டி நிற்பது அயனி மரத்தடியில். எதை அடிக்கலாம்?

குளச்சல் வள்ளம்:

அண்ணாச்சி, நிறத்தை அப்புறம் பார்க்கலாம். மோல்டில் முதலில் ஜெல் கோட் (ஃபைபரின் வெளிப்பூச்சாக நிற்கிற நிற ரெசின்) அடித்தார்களா, இல்லை வெறும் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் மட்டுமா? நல்ல வெள்ளை ஜெல் கோட் இருந்தால் பெயின்டே தேவையில்லை. வருஷங்கள் போக வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொடியும், அதை பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். எங்கள் வள்ளங்கள் உப்புத் தண்ணீரில் அப்படித்தான் கிடக்கின்றன.

பெயின்ட்தான் என்றால் மோல்டு மெழுகைக் கவனியுங்கள். மோல்டிலிருந்து பிரித்தெடுக்கப் பூசுகிற மெழுகு மேலேயே இருக்கும், அதன்மேல் எது அடித்தாலும் மீன்கண் மாதிரி ஓட்டை ஓட்டையாக விலகும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சேம்பிலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக நின்றால் மெழுகு போகவில்லை. முதலில் அசிட்டோனில் துடைத்து, துணியை மாற்றி மாற்றி எடுத்த பிறகுதான் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் பேப்பர் போட்டால் அந்தக் கீறலுக்குள்ளேயே மெழுகைத் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். இதில் ஏமாந்து ஒரு வள்ளத்தின் ஒரு பக்கத்தை முழுக்கச் சுரண்டி எடுத்தவன் நான்.

கருப்பு வேண்டவே வேண்டாம். வெயிலில் ஃபைபர் சூடேறினால் உள்ளே இருக்கிற பாயின் பின்னல் மேலே தழும்பு மாதிரி தெரியத் தொடங்கும்.

வடசேரி ஸ்ப்ரே:

நான் இருபத்திரண்டு வருஷமாக கார் பெயின்டிங். மேட் என்பது தனி ஜாதிப் பெயின்ட் இல்லை. உள்ளே மிக நுண்ணிய பொடி கலந்திருக்கும், மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாக இருப்பதால் வெளிச்சம் சிதறுகிறது, அவ்வளவுதான். அந்த மேடு பள்ளத்தில்தான் அழுக்கும் உட்காரும். கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது, போட்ட இடம் மட்டும் மினுங்கும். ஒரு ஓரத்தில் சேதம் என்றாலும் முழு டாப்பையும் திரும்ப அடிக்க வேண்டும். பளபளப்பில் அந்தக் கஷ்டம் இல்லை.

வெள்ளை என்றால் ஹார்டனர் கலக்கிற பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் ஒன்றே போதும், மேலே கிளியர் கோட் செலவு வேண்டாம். கீழே எபாக்ஸி ப்ரைமர். ஹார்டனர் கலந்த பெயின்டை வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கக் கூடாது, முறையான மாஸ்க் வேண்டும். நெஞ்சுக்கு ஆகாது.

ஐப்பசி மழையில் திறந்த இடத்தில் அடிக்காதீர்கள். ஹார்டனர் பெயின்டோடு சேருவதை விட்டுக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்துகொள்ளும். கொப்புளிக்கும், பளபளப்பும் மங்கும். அடித்த பிறகு டாப்பை ஒரு வாரமாவது தூக்கியே வையுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் மூடினால் ரப்பர் பீடிங் பெயின்டோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது உரித்தெடுத்துவிடும்.

அருமனைக்காரி:

அண்ணே, நாங்கள் ஜீப் டாப்புக்கு ஆலிவ் பச்சை மேட் அடித்தோம். முதல் மாதம் நடுரோட்டில் நிறுத்திப் படம் எடுக்கிற அளவுக்கு அழகு. எங்கள் வீட்டிலும் அயனிதான். ஆனி மழையில் பழம் விழுந்து, இலை விழுந்து, ஆடிக்குள் பாசி படர்ந்துவிட்டது. எங்கள் அத்தை சும்மா இருக்காமல் தேங்காய்ச் சவுரி வைத்துத் தேய்த்தார்கள். தேய்த்த இடமெல்லாம் மினுமினுப்பு, மற்ற இடம் மேட். இப்போது பார்த்தால் தேமல் பிடித்த மாதிரி இருக்கிறது. சொரசொரப்பு பெயின்ட் இதைவிட மோசம், பாசிக்குப் படுக்கை விரித்துக் கொடுத்த மாதிரி. ஏறி மிதிக்கிற இடம் இருந்தால் அங்கே மட்டும் ஒரு பட்டை அடியுங்கள்.

இன்னொன்று. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் இருக்கிறது. நிறமும் அந்த விவரத்தில் ஒன்று. டாப்பை வெட்டியதே பெரிய மாற்றம், அதைப் போய்க் கேட்டீர்களா?

பெட்டிக்காரன், மார்த்தாண்டம்:

எல்லாருக்கும் நன்றி. கேட்கவில்லை தங்கச்சி. வெட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், தப்புதான். திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறேன். அங்கே பதில் தெரியாமல் பெயின்டுக்குக் காசு போடப் போவதில்லை. வண்டியே வெள்ளை என்பதால் டாப்பும் வெள்ளையானால் நிறத்தால் வம்பு வராது.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முத்து முத்தாக நின்றது. குளச்சல் வள்ளக்காரர் வாய்க்குச் சர்க்கரை, இல்லை, தேனே போடலாம். ஜெல் கோட் அடிக்கவில்லையாம், டாப் செய்தவரிடம் போனில் கேட்டேன், சிரிக்கிறார்.

தேனீக்காரனாக இருந்துகொண்டு நானே மறந்த ஒரு விஷயம். ஈக்கள் பறக்கும்போது மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி வைத்துவிட்டுப் போகும், காய்ந்தால் நகத்தால் சுரண்ட வேண்டும். மேட் பெயின்டில் அதை எப்படிக் கழுவுவது? கருப்பு நிறத்தைப் பார்த்தால் ஈக்களுக்குக் கோபம் வேறு. மச்சினன் ஒருமுறை தொப்பி இல்லாமல் பெட்டி திறந்தானே, அவன் சுருட்டைமுடிக்குள் புகுந்ததை நான் எண்ணி எண்ணி எடுத்தேன்.

இருந்தாலும் பச்சை ஆசை போகவில்லை. அதனால் பழைய பெட்டித் தகர மூடிகள் இரண்டை எடுத்து, ஒன்றில் மேட் கரும்பச்சையும் ஒன்றில் பளபளப்பு வெள்ளையும் அடித்து, மத்தியானம் மொட்டை மாடியில் வைத்தேன். இரண்டின் மேலும் பாக்கு அளவு தேன்மெழுகு. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பச்சை மூடியில் மெழுகு குழைந்து வழிந்து ஓரத்துக்கு வந்திருந்தது. வெள்ளையில் வைத்தது வைத்தபடி. அந்தப் பச்சைக்கு அடியில் நான் படுக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன்.

வடசேரி அண்ணே, கார்த்திகையில் உங்கள் ஷெட்டில் ஒரு வாரம் டாப்பைத் தூக்கி நிறுத்த இடம் கிடைக்குமா? மெழுகை நானே துடைத்துக்கொண்டு வருகிறேன்.