யாழினிக்கு எந்தக் கல்லூரி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குழு: எங்கள் வீடு

நான் (காலை 7:10)
அனைவருக்கும் வணக்கம். யாழினிக்கு இளநிலை இயற்பியலில் இரண்டு இடங்களில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று மதுரை லேடி டோக் கல்லூரி, மற்றொன்று தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி. செவ்வாய்க்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் பணம் கட்டியாக வேண்டும். இரண்டும் நல்ல கல்லூரிகள் என்பதில் அவளுடைய அப்பாவுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டுமே கிறித்தவக் கல்லூரிகளாக அமைந்துவிட்டனவே என்று தயங்குகிறார். என் மாமியார் நேற்று இரவு சாப்பிடாமலேயே படுத்துவிட்டார். உங்கள் மூவருடைய பிள்ளைகளும் இப்படிப்பட்ட கல்லூரிகளில் விடுதியில் தங்கிப் படித்து முடித்தவர்கள். அந்த மூன்று ஆண்டுகளில் பிள்ளை எப்படி மாறியது, அந்த மாற்றம் உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று, வீட்டில் நீங்கள் கண்டதை மறைக்காமல் எழுதுங்கள். இரவு அத்தனையையும் அத்தைக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

அக்கா (காலை 7:42)
ஈஸ்வரி, உன் மாமியாரின் பயம் எனக்குப் புதிதல்ல. பவித்ராவை லேடி டோக் விடுதியில் விட்டுவிட்டுத் தல்லாகுளத்தில் பேருந்து ஏறிய அன்று எனக்கும் அதே பயம்தான் இருந்தது. முதல் மாதம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளை இளைத்திருக்கிறாளா என்று பார்ப்பதற்கு முன்னால், நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்தது. "ஏனம்மா என்னை அப்படிப் பார்க்கிறாய்?" என்று அவள் கேட்டாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு பார்வைக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

இரண்டாம் ஆண்டில் அவள் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில் சேர்ந்தாள். யாரும் வற்புறுத்தவில்லை, பாடுவதில் அவளுக்கு இருந்த ஆசைதான் காரணம். அவளுக்குக் கொடுக்கப்பட்டது ஆல்ட்டோ என்னும் இரண்டாம் குரல். மெட்டைப் பாடுகிறவர்களின் குரலுக்குக் கீழே வேறொரு வரியை, அவர்களோடு ஒட்டியும் அவர்களுடைய மெட்டில் விழுந்துவிடாமலும் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம். அந்த ஆண்டு மார்கழியில் நான் வாசலில் கோலம் போட்டபடி பாசுரம் பாடிக்கொண்டிருந்தபோது, உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தவள் அந்தப் பாசுரத்துக்கே ஒரு கீழ்க்குரலைக் கூட்டிப் பாடினாள். நாற்பது ஆண்டுகளாக நான் தனியாகப் பாடிவந்த பாட்டு அது. கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் உன் மாமியாரிடம் சொல். நம் பெரியத்தை பள்ளி இறுதி வகுப்பை முடித்த காலத்தில் மதுரையில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரிகூட இல்லை. அவருடைய படிப்பு அதோடு நின்றுபோனது. 1948-இல் கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கிய பிறகுதான் அந்த நகரத்தில் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது.

பெரியண்ணன் (காலை 8:25)
ஈஸ்வரி, கதிரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் ஒரு மாணவரை அவருடைய சம்மதம் இல்லாமல், அவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. கதிர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த காலத்தில், கிறித்தவப் பிள்ளைகள் விவிலிய வகுப்புக்குப் போனபோது மற்றவர்களுக்கு அறநெறி வகுப்பு நடந்தது. சிற்றாலயத்துக்கு அவன் இரண்டு முறை போனதாகச் சொன்னான்; இரண்டும் நண்பர்கள் பாடியதைக் கேட்பதற்காக.

அந்தக் கல்லூரி 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி சென்னையில் தொடங்கிய ஒரு பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஜார்ஜ் டவுனின் நெரிசலில் நூறு ஆண்டுகள் இருந்துவிட்டு, 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 365 ஏக்கர், பெரும்பகுதி புதர்க்காடு. சேர்க்கைக்குப் போன அன்று, இவ்வளவு பெரிய காட்டுக்குள் பிள்ளையை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று உன் மதினி கண்ணீர் விட்டாள். அங்கே விடுதிகளை ஹால் என்பார்கள். கதிர் இருந்தது சேலையூர் ஹாலில்.

மூன்றாம் ஆண்டில் அவனை மெஸ் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவன் எழுதிய கணக்கு நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் பிரித்துப் பார்த்தேன். பால் எத்தனை லிட்டர், தக்காளி என்ன விலை, மிஞ்சிய சோறு எவ்வளவு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கத்தின் ஓரத்தில், "இரண்டு பேர் பணம் கட்டவில்லை, வீட்டில் சிரமம், பெயர் எழுத வேண்டாம், பருவ முடிவில் பொது நிதியிலிருந்து சரிசெய்ய வேண்டும்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறான். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவாத பையன் அவன். அடுத்தவன் வயிற்றுக்குத் தான் பொறுப்பு என்ற எண்ணம் அவனுக்கு அங்கேதான் வந்தது.

பெரிய மதினி (காலை 9:05)
அவர் எழுதியதில் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுவிட்டது. அதை நானே எழுதுவதுதான் நியாயம். இரண்டாம் ஆண்டுப் பொங்கலுக்குக் கதிர் தன் அறைத்தோழனை வீட்டுக்கு அழைத்துவந்தான். சாப்பிட உட்கார்ந்ததும், எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நான் அந்தப் பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாதாரண விசாரிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னான். இலையில் இருந்த பொங்கலைத் தொடவில்லை. கதிர் என்னைப் பார்த்து, "அம்மா, விடுதியில் இரண்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், அங்கே இதுவரை யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை" என்றான். அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

நான் கேட்டது ஊரை அல்ல, சாதியை. அது எனக்கே அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. ஈஸ்வரி, பிள்ளை மாறியதா என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வீட்டில் மாற வேண்டியிருந்தது நான்தான்.

சின்னண்ணன் (காலை 10:50)
எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். எழுதியவை உண்மைதான் என்று நம்புகிறேன். ஆனால் ஈஸ்வரி மறைக்காமல் எழுதச் சொல்லியிருப்பதால் என் மனத்தில் இருப்பதையும் எழுதுகிறேன். இலக்கியா படித்ததும் ஒரு கிறித்தவக் கல்லூரிதான். அதன் பெயரை எழுத விரும்பவில்லை. நம் ஊர்ப் பெண்கள் இன்னும் அங்கே படிக்கிறார்கள்.

அம்மா இறந்த இரவு உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த விடுதியில் மாலை ஆறு மணிக்கு மேல் கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். காலையில்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அலுவலக எண்ணுக்கு இரவு ஒன்பது மணியிலிருந்து விடிய விடிய அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவளுடைய பேராசிரியை ஒருவரின் எண்ணைத் தேடிப் பிடித்த பிறகுதான் செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம். அவள் தெருமுனையில் வந்து இறங்கியபோது அம்மாவை எடுத்துப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. வாசல் கழுவிய தண்ணீர்கூடக் காயவில்லை. ஆச்சியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஒழுங்குக்காக வைத்த விதி என்று அவர்கள் சொன்னார்கள். ஒழுங்கு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்நூறு பெண்பிள்ளைகளின் கைப்பேசிகளை வாங்கிப் பூட்டுகிறவர்கள், அந்த முந்நூறு வீடுகளுக்கும் இரவில் பதில் சொல்ல ஓர் ஆளை உட்கார வைத்திருக்க வேண்டாமா? அந்தக் கல்லூரியில் அவள் நன்றாகப் படித்தாள், நல்ல ஆசிரியர்கள் வாய்த்தார்கள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அன்று அவளோடு பேருந்தில் துணைக்கு வந்த ஜெனிபா என்ற வகுப்புத்தோழி நம் வீட்டில் இரண்டு நாள் தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்ததையும் மறக்கவில்லை. ஆனாலும் அந்த இரவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா (காலை 11:02)
தம்பி, நீ இதை இவ்வளவு விரிவாக இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. இலக்கியா பிந்தி வந்ததற்குப் பேருந்துதான் காரணம் என்று நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் (காலை 11:15)
அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. சேர்க்கைக்குப் போகும்போது நான் முதலில் கேட்கப் போவது இதைத்தான். இரவில் அழைத்தால் எடுக்கும் எண் எது, எடுப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு, அங்கேயே நின்று ஒரு முறை அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.

அப்பா (மாலை 4:30)
அனைவரும் எழுதியதைப் படித்தேன். நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்வதால் நேரமாகிவிட்டது. சின்னவன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவனுடைய கோபம் நியாயமானது, அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

சம்பந்தியம்மாளின் பயத்துக்கு மட்டும் ஒரு பதில் எழுதுகிறேன். டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில்தான் தத்துவம் படித்தார். இந்து சமயத்தைப் பற்றி மிஷனரிகள் கூறிய குறைகள் தம் மனத்தைச் சுட்டதாகவும், அவற்றுக்கு விடை தேடியே நம் தத்துவங்களை ஆழ்ந்து கற்கத் தொடங்கியதாகவும் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. 1908-இல் நூலாக வெளிவந்தது. அதைப் பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஹாக், அவரும் ஒரு மிஷனரிதான்.

இனி என் கதை. 1961-இல் புகுமுக வகுப்புக்காக மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. எங்கள் தேர்வுத்தாள்கள் சென்னைக்குத்தான் போயின. 1881-இல் பசுமலையில் தொடங்கி, பிறகு வைகைக்கு வடகரையில் வந்து அமைந்த கல்லூரி அது. அந்தச் செங்கல் கட்டடத்தின் முன்னால் தகரப் பெட்டியோடு நின்றது நேற்றுப் போல இருக்கிறது. விடுதியில் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் போனபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நம் ஊர்க்காரன். பெயர் தெரியும், முகம் தெரியும், ஆனால் அதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அவனுடைய தெருவைச் சேர்ந்தவர்கள் நம் தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி அவன் தன் தந்தையோடு போனதை நம் வீட்டுத் திண்ணையில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்ததை அவனும் பார்த்திருக்கிறான்.

எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது உண்மை. அதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது. அவன் எனக்கு முதலில் ஊற்றச் சொல்லித் தன் தட்டை ஒதுக்கிக்கொண்டான், பழக்கம் அப்படி. பரிமாறியவரோ வரிசைப்படி அவனுக்கு ஊற்றிவிட்டுத்தான் எனக்கு ஊற்றினார். யாரும் எங்களுக்கு ஒரு போதனையும் செய்யவில்லை. அன்று முதல் ஓராண்டு முழுவதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். விடுமுறைக்கு ஒரே பேருந்தில் ஊருக்கு வந்தோம். ஊர் எல்லையில் இறங்கியதும், நான் கேட்காமலேயே அவன் பின்தங்கி நடந்தான். நானும் அவனை "உடன் வா" என்று அழைக்கவில்லை. பெரிய மருமகள் தன் பிழையைத் துணிந்து எழுதிவிட்டாள். எனக்கு அதை எழுத அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெரியண்ணன் (மாலை 4:58)
அப்பா, இதை நீங்கள் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

அக்கா (மாலை 5:20)
ஈஸ்வரி, பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசின் நிதியுதவி பெறும் பிரிவில்தான் இடம் என்பதைச் சேர்க்கைத் தாளில் உறுதி செய்துகொள்; அதே பாடத்துக்குச் சுயநிதிப் பிரிவில் கட்டணம் பல மடங்கு வரும். யாழினி ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். அதற்கும் கல்லூரி வழியாகவே விண்ணப்பித்துவிடு.

நான் (இரவு 8:40)
அத்தைக்கு எல்லாவற்றையும் யாழினியே படித்துக் காட்டினாள். இலக்கியாவின் கதை வந்ததும் படிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அத்தை சிறிது நேரம் வாசலில் போய் நின்றார். பிறகு மீதியையும் கேட்டார். கல்லூரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உன் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாரே, அவர் இப்போது இருக்கிறாரா?" என்று மட்டும் யாழினியிடம் கேட்டார். அப்பா, நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

யாழினி மதுரையே போதும் என்கிறாள். அவளுடைய அப்பாவும் சரி என்றுவிட்டார்.

அப்பா (இரவு 9:15)
இருக்கிறான். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மதுரையில் நரிமேட்டில் மகனோடு இருக்கிறான். லேடி டோக் கல்லூரியில் இருந்து பக்கம்தான். சற்று முன்புதான் அவனிடம் பேசினேன். செவ்வாய்க்கிழமை நானும் உங்களோடு வருகிறேன். பணம் கட்டி முடித்ததும் மதியச் சாப்பாடு அவன் வீட்டில். சம்பந்தியம்மாளையும் அழைத்து வா.

நான் (இரவு 9:31)
வருகிறோம், அப்பா. அத்தையும் வருகிறார்.