லெஜிட்டிமசிக்குச் சொல்: சட்டபூர்வத்தன்மை போதாது

> கோவை ஐயா எழுதியது:
> சட்டபூர்வத்தன்மை என்று எழுதிப் பழகிவிட்டோம். புழங்குகிற சொல் இருக்கப் புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, வணக்கம்.

புழக்கத்தில் இருப்பதைக் கலைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் லெஜிட்டிமசி, அதாவது ஆள்வோருக்கு ஆளும் உரிமை உண்டு என்று மக்கள் ஏற்பது, அதற்கான சொல்லில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவப் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் அரசியல் அடிப்படைகளைத் தமிழில் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். இறைமை, இறையாண்மை, எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்சி மாறினாலும் அரசு மாறாது என்றால் அரசும் அரசாங்கமும் பிரிந்துவிடுகின்றன. லெஜிட்டிமசியில்தான் தடுமாறுகிறார்கள். தடுமாற வைப்பது நாம் கொடுக்கும் சொல்.

1919இல் மூனிக்கில் பேசியபோது ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் அரசுக்குச் சொன்ன விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நிலப்பரப்புக்குள் 'இன்ன தன்மையுள்ள' பலப்பிரயோகம் தன் கையில் மட்டுமே இருக்கும் என்று கோரி, அதில் வெற்றியும் பெறும் மனிதக் கூட்டமே அரசு. அந்த 'இன்ன தன்மை'தான் நம் சொல். அங்கே 'சட்டபூர்வமான' என்று போட்டுப் பாருங்கள். சட்டம் செய்வதே அரசுதானே? தான் செய்த சட்டப்படி தான் அடித்தால் சரி என்றாகிவிடும். விளக்கம் செக்குமாடு மாதிரி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

எங்கள் பேராக் மாநிலமே இதற்குப் பாடம். 2008 தேர்தலில் 59 இடங்களில் 31 பெற்று மக்கள் கூட்டணி ஆட்சி அமைத்தது. 2009 பிப்ரவரியில் மூவர் விலகி எதிரணியை ஆதரித்தார்கள். சட்டமன்றத்தைக் கலைக்கும்படி மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) நிசார் கேட்டதைச் சுல்தான் அஸ்லான் ஷா ஏற்கவில்லை. எதிரணியின் சம்ரி மந்திரி பெசாராகப் பதவி ஏற்றார். மார்ச் 3ஆம் தேதி, மன்றத்துக்குள் போக முடியாத உறுப்பினர்கள் ஈப்போவில் ஒரு மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். மே மாதம் சபாநாயகர் சிவகுமாரை நாற்காலியோடு வெளியே கொண்டுபோனார்கள். உயர் நீதிமன்றம் ஒன்று சொல்ல, மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு சொல்ல, கடைசியில் 2010 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சம்ரியே மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தது. சட்டக் கேள்வி அதோடு முடிந்தது. 'இவர்களுக்கு ஆள உரிமை உண்டா?' என்ற கேள்வி முடியவில்லை. இரு தரப்பும் அதைத்தான் ஊர் ஊராகப் பேசின. அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் வேண்டும்.

தோட்டத்தையே பாருங்கள். தோட்ட நிர்வாகியான துரையிடம் இருந்தது வல்லமை. சம்பளத்தை வெட்டலாம், லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்யச் சொல்லலாம். தொழிலாளர்களை மேய்த்த கங்காணியிடம் ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் உரிமமும் இருந்தது, ஊரில் மூத்தவர் என்ற மதிப்பும் இருந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் உரிமத்துக்கு வேலை இல்லாமல் போனது. ஆனாலும் கல்யாணம், கருமாதி, கோயில் காரியம் என்றால் அவர் சொல் எடுபட்டது. மரபால் வருவது, தனி ஒருவரின் ஈர்ப்பால் வருவது, சட்ட விதியால் வருவது என்று வேபர் மூன்றாகப் பிரித்தாரே, அதில் சட்டம் மூன்றில் ஒன்றுதான். ஒரு வகையின் பெயரை முழுவதற்கும் வைக்கலாமா?

> யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது:
> அப்படியென்றால் 'ஏற்புரிமை' எப்படி?

அக்கா, முதலில் எனக்கும் பிடித்தது. வகுப்பில் சொன்னதும் ஒரு பிள்ளை, "யாரை ஏத்துக்கணும்னு முடிவு பண்ற உரிமையா சார்?" என்று கேட்டாள். வாக்களிக்கும் உரிமை வாக்குரிமை என்றால் அவள் கேட்டது நியாயம்தான். ஆட்சியேற்பு என்றால் பதவியேற்பு நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது 'ஆட்சித்தகவு'. தகவு என்றால் தகுதி. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்கிறது குறள். ஒருவருடைய தகவு அடுத்தவர் கண்டு சொல்வது, தானே எழுதிக்கொள்வதல்ல. லெஜிட்டிமசிக்கும் அதுவே உயிர். சொல்லும் நன்றாக வளைகிறது: தகவுள்ள ஆட்சி, தகவற்ற ஆட்சி, தகவிழப்பு. வேபரின் வாக்கியத்தில் 'தகவுள்ள பலப்பிரயோகம்' என்று வைத்தால் சுற்றல் போய்விடுகிறது. லீகாலிட்டிக்குச் சட்டபூர்வத்தன்மை அப்படியே இருக்கட்டும்.

> கோவை ஐயா எழுதியது:
> பேராக் கதை ஏற்க வைத்தது. ஆனால் இயற்பியலில் தகவு என்றால் விகிதம். பாய்சான் தகவு என்று படித்த பிள்ளை குழம்பாதா?

தனித்து நின்றால் குழம்பும் ஐயா. அதனால்தான் தலைச்சொல்லை ஆட்சித்தகவு என்றே வைக்கச் சொல்கிறேன்.

> யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது:
> சரி, ஏற்புரிமையை விட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம். மக்கள் ஏற்கிறார்கள் என்பது ஒன்று, ஏற்கத் தகுந்தது என்பது வேறு. பிரசாரத்தால் ஏமாந்தும் ஏற்கலாம். உங்கள் சொல் எதைக் குறிக்கும்?

இரண்டையும் குறிக்கும் அக்கா. வேபர் போன்ற சமூகவியலாளர்கள் முதலாவதைப் பார்க்கிறார்கள். அரசியல் தத்துவம் இரண்டாவதைக் கேட்கிறது. மூலச்சொல்லிலும் இந்த இரட்டை உண்டு, அதை நாம் மறைக்க வேண்டாம். பிரிக்க வேண்டிய இடத்தில் 'கண்ட தகவு', 'கொள்ளத்தக்க தகவு' என்று எழுதலாம். சொல்லுக்கான விளக்கப் பதிவை இப்படி வைக்கலாமா பாருங்கள்:

ஆட்சித்தகவு: ஆள்வோருக்கு ஆளும் உரிமை உண்டு என்று ஆளப்படுவோர் கொள்ளும் ஏற்பு, அந்த ஏற்புக்கு உரிய தகுதி. சட்டபூர்வத்தன்மையோடு சேர்ந்தும் இருக்கலாம், சேராமலும் இருக்கலாம்.

அடுத்து அதிகாரம். பவர், அத்தாரிட்டி இரண்டுக்கும் அந்த ஒரே சொல்லைப் போடுகிறோம். வல்லமை, அதிகாரம் என்று பிரிப்பதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.