பிரிசம் கண்ணாடியைக் கழற்றியதும் எதிர்ப்பக்கப் பிழை வரவில்லை, ஏன்?

கேள்வி: பிளஸ் டூ செய்முறை. பார்ப்பதைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பிரிசம் கண்ணாடியை மாணவர்களுக்குப் போட்டுவிடுகிறேன். இரு கண்ணுக்கும் 20 பிரிசம் டயாப்டர் (நகர்த்தும் அளவு), அடிப்பக்கம் (தடித்த பக்கம்) இடப்புறம். 50 செ.மீ. தூரத்துப் புள்ளியைத் தொடச் சொன்னால் முதலில் 7, 8 செ.மீ. வலப்பக்கம் தவறுகிறது, பத்துப் பதினைந்து முறையில் சரியாகிவிடுகிறது. கழற்றினால் இடப்பக்கம் தவற வேண்டுமே? நேராகத் தொட்டுவிடுகிறார்கள்.

பதில்: ஒரு பிரிசம் டயாப்டர் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் 1 செ.மீ. நகர்வு என்பதால், 20க்கு 50 செ.மீ.யில் 10 செ.மீ. வரும். முதல் பிழை அதைவிடக் குறைவது சகஜம். பிம்பம் பிரிசத்தின் முனைப்பக்கம் (மெல்லிய பக்கம்) நகர்வதால் வலப்பக்கம்தான் சரி. கழற்றிய பிறகு கை கண்ணில் படுகிறதா? பட்டால் பாதி வழியிலேயே திருத்திக்கொள்வார்கள், பின்விளைவு, அதாவது நீங்கள் எதிர்பார்க்கும் எதிர்ப்பக்கப் பிழை, வெளியே தெரியாது.

தாடைக்குக் கீழே ஓர் அட்டையைப் படுக்கையாக வையுங்கள். கண்ணாடி போடும் முன் கை முழுக்க மறைந்த நிலையில் 10 தொடுதல், சராசரி குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியோடு 50, 60 தொடுதல், வேகமாக. ஒவ்வொரு தொடுதலின் கடைசியில் விரல்நுனி மட்டும் அட்டைக்கு வெளியே தெரியட்டும். பிறகு கண்ணை மூடவைத்துக் கழற்றி, கையை மறைத்து மறுபடி 10. இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசமே பின்விளைவு. இடையில் எழுந்து நடக்கவோ கையைப் பார்க்கவோ விட்டால் பின்விளைவு கரைந்துவிடும்.

இன்னொருவர்: கை மறைப்பது மட்டும் போதாது. "வலப்பக்கம் போகிறது, கொஞ்சம் இடப்பக்கம் தொடுவோம்" என்று மாணவர் கணக்குப் போட்டால் பிழை சட்டென்று குறையும். மூளையின் கண்-கை ஒத்திசைவு மாறியிருக்காது. கண்ணாடியைக் கழற்றியதும் அந்தக் கணக்கையும் கழற்றி வைத்துவிடுவார். பத்து முறையில் பிழை மறைவதில் பெரும்பங்கு இதுதான். "புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கேயே தொடு, சரிக்கட்டாதே" என்று முதலிலேயே சொல்லுங்கள். பிழை பூஜ்யமான பிறகும் தொடுதலை நிறுத்த வேண்டாம். உண்மையான தகவமைப்பு மெதுவாகத்தான் ஏறும், சிறுமூளை பழுதுபட்டவர்களிடம் அதுவே குன்றிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்: வலது கையால் பழகிவிட்டு இடது கையால் சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கையில் பழகியது மறு கைக்கு மிகக் குறைவாகவே கடக்கும், சில சமயம் ஒன்றுமே தெரியாது. பந்தெறிதலிலும் அப்படியே: மேல்கையாக எறிந்து பழகியது கீழ்க்கையாக எறியும்போது பலரிடம் வருவதில்லை. இதையே இரண்டாவது செய்முறையாக வைக்கலாம், மாணவர்களுக்குப் பிடிக்கும்.

மூன்றாமவர்: பக்கவாதத்துக்குப் பின் இடப்பக்கத்தைக் கவனிக்கத் தவறும் நோயாளிகளுக்கு, 10 பாகை வலப்பக்கம் நகர்த்தும் பிரிசத்தோடு சுமார் 50 தொடுதல் தந்து 1998இல் பிரான்ஸில் முன்னேற்றம் கண்டார்கள். பின்வந்த சோதனைகளின் முடிவு ஒன்றுபோல இல்லை. வகுப்பில் சொல்வதானால் இரண்டையும் சொல்லுங்கள்.