கொலுசு எடை: தராசுல 'டி.எல்'னு வருது, இப்ப கிராமும் தப்பா காட்டுது. உதவி பண்ணுங்க

அம்மாபேட்டை பொண்ணு:
வணக்கங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டை பட்டறையில இருந்து அம்மா வெள்ளிக் கொலுசு வாங்கிட்டு வந்து வீட்டுல வேலை செஞ்சு கொடுக்கறாங்க. எடை பார்க்க 500 கிராம் வரைக்கும் நிறுக்கற பாக்கெட் தராசு வச்சிருக்கோம். நேத்து, சீட்டுல 120 கிராம்னு எழுதின ஜோடிய வச்சா 3.206 காட்டுச்சு. பக்கத்துல 'டி.எல்'. தோலாவா இருக்கும்னு அப்பா கணக்குப் போட்டார், அப்படின்னா 10.29 வரணும். வெள்ளி குறைஞ்சிடுச்சோன்னு அம்மா பதறிட்டாங்க. 'எம்' பட்டனைத் தட்டினா 600 'சி.டி'ன்னுச்சு. கொஞ்சம் அழுத்திப் பிடிச்சேன், 'சி.ஏ.எல்'னு வந்து 100.00 மின்னுச்சு, அப்புறம் 'பாஸ்'. இப்ப 'ஜி' வந்துடுச்சு, ஆனா அதே ஜோடி 100.00 காட்டுது. "எனக்குத்தான் இதெல்லாம் வராது"ன்னு அம்மா ராத்திரி சரியாவே சாப்பிடல.

பட்டறைக்காரன்:
வெள்ளி எங்கேயும் போகல தங்கச்சி, முதல்ல அம்மாகிட்ட அதைச் சொல்லுங்க. 'டி.எல்' தோலா இல்ல. ஹாங்காங்ல தங்கம் நிறுக்கற டேல், 37.43 கிராம். நம்ம தோலா 11.66 கிராம். 'சி.டி' காரட், 0.2 கிராம், 120-ஐ அஞ்சால பெருக்கினா 600. ரெண்டுமே சரியான எடைதான்.
ஒண்ணு மட்டும் சொல்லுங்க: 100.00 மின்னறப்ப தட்டுல என்ன வச்சீங்க?

அம்மாபேட்டை பொண்ணு:
அந்தக் கொலுசைத்தான் அண்ணா. சரியா வைக்கலையோன்னு எடுத்துட்டு மறுபடி வச்சேன்.

பட்டறைக்காரன்:
அங்கதான் சிக்கல். 'சி.ஏ.எல்'னா தராசோட கணக்கைச் சரிபண்ற வேலை. அதுக்குத் தராசு 100 கிராம் படிக்கல்லைக் கேட்டிருக்கு. நீங்க வச்ச 120-ஐ அது 100-னு மனசுல வாங்கிக்கிச்சு. இனி எதை வச்சாலும் ஆறுல ஒரு பங்கு குறைச்சுத்தான் காட்டும். 2011-ல வந்த, ரூபாய்க் குறி போட்ட 10 ரூபாய் காசு 7.71 கிராம். வச்சுப் பாருங்க, 6.4 கிட்ட வரும்.
பட்டறையில முத்திரை போட்ட 100 கிராம் படிக்கல் கேளுங்க. தட்டைக் காலியா விட்டு ஆன் பண்ணி, 'எம்'மை அதே மாதிரி பிடிங்க. 100.00 மின்னினதும் கல்லை வைங்க, 'பாஸ்' வர்ற வரைக்கும் கை படக்கூடாது.
தட்டினா அளவு மாறும், பிடிச்சா தராசோட கணக்கே மாறும்னு ரெண்டு வேலையையும் ஒரே பட்டன்ல வச்சது வடிவமைச்சவங்க தப்பு. உங்க அம்மா தப்பு இல்ல.

கடைவீதி:
இன்னொண்ணும்மா. கூலிக் கணக்கை இந்தத் தராசை வச்சுப் பேசாதீங்க. 2009-ஆம் வருஷத்து எடையளவு சட்டப்படி வியாபாரத்துக்கு வைக்கற எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும். பட்டறைத் தராசுல உங்க கண்ணு முன்னாடி நிறுத்து வாங்குங்க.

அம்மாபேட்டை பொண்ணு:
காசு 6.43 காட்டுச்சு அண்ணா! படிக்கல் வாங்கி வச்சோம், இப்ப 7.71, கொலுசு 120.02. 'எம்' மேல கெட்டி அட்டை வச்சு டேப் ஒட்டிட்டேன். அம்மா அந்தக் காசைத் தராசு டப்பாவுலயே போட்டு வச்சிருக்காங்க, தினம் காலையில முதல்ல அதைத்தான் நிறுக்கப் போறாங்களாம்.